பீர் வாளியை இட்லி மாவுப் பக்கத்தில் வைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டில் சிக்கனமாகக் குடும்பம் நடத்துவது எப்படி என்று சிட்னி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை இரண்டு வாரத்துக்கு முந்தைய உங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். பருப்பை மொத்தமாக வாங்குங்கள், கறிவேப்பிலையைத் தொட்டியில் வையுங்கள் என்றதெல்லாம் சரி. கடைசிப் பத்தியில்தான் வம்பு. சூப்பர்மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் விற்கும் மலிவு பீர் டப்பாவை (உள்ளே பீர் இல்லை, வீட்டில் பீர் போடுவதற்கான பாகு) வாங்கி, ஒரு கிலோ சர்க்கரை போட்டுக் கரைத்து, வாளியை 'இட்லி மாவு வைக்கிற கதகதப்பான இடத்திலேயே' வைத்துவிட்டால் பத்து நாளில் பீர் தயார், பாட்டிலுக்கு 50 சென்ட்கூட ஆகாது என்று எழுதியிருந்தார். கணக்கு சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். டப்பா 12 டாலர், சர்க்கரை 2 டாலர், கிடைப்பது 23 லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டிலில் முப்பது. பாட்டிலுக்கு 47 சென்ட் வருகிறது. ஆனால் அந்த முப்பது பாட்டிலையும் யார் குடிப்பது என்பதை அவர் எழுதவில்லை.

நான் சிவகங்கைப் பக்கம். பதினோரு வருடமாகச் சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு ஆஸ்திரேலியப் பெரியவர் பழக்கிவிட்டது இந்தப் பைத்தியம், அறுபது வாளிக்கு மேல் போட்டிருப்பேன். முதல் ஏழெட்டு வாளி அந்த மலிவு டப்பாதான். அதனால் அந்த டப்பாவைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அதைச் சரியாகக் கையாண்டால் நல்ல பீர் வரும் என்பது என் கட்சி. அந்தக் கடிதத்தில் சொன்னதில் ஒரு கிலோ சர்க்கரையும் கதகதப்பான இடமும் தப்பு, பத்து நாளில் தயார் என்பது ஆபத்து.

முதலில் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பீர் போடுகிறேன் என்று போனில் சொன்னதும் எங்கள் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா, சாராயமா காய்ச்சுற?" அவர் பயப்பட்டதில் தப்பில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்ததைத் தொலைக்காட்சியில் நாள் முழுக்கப் பார்த்தவர். அங்கே உயிரைக் குடித்தது மெத்தனால். பீரில் வடிப்பது என்ற வேலையே கிடையாது. மால்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியின், இனிப்பை ஈஸ்ட் தின்று எத்தனாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது, அவ்வளவுதான், ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் அதில் வராது. இந்த டப்பா விஷயத்தில் காய்ச்சுவதுகூடக் கிடையாது, கரைப்பதுதான். ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு இப்படிப் போடுவது 1970களின் தொடக்கத்தில், பிரதமர் விட்லம் ஆட்சி வந்த பிறகு சுலபமாயிற்று, வரியும் இல்லை. ஆனால் அதையே வடித்து விஸ்கி, ரம் என்று இறங்கினால் உரிமம் இல்லாமல் இங்கேயும் குற்றம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, அங்கே வீட்டில் பீர் போடுவதும் கூடாது, ஆகவே இதைப் படித்துவிட்டு மதுரையில் யாரும் வாளியைத் தூக்க வேண்டாம்.

சரி, டப்பாவுக்கு வருவோம்.

உள்ளே இருப்பது ஒன்றும் மர்மமில்லை. முளைகட்டிக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை இறக்கி, ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு சேர்த்து, தண்ணீரைச் சுண்டவைத்த பாகு, 1.7 கிலோ. மூடியைத் திறந்து சாய்த்தால் உடனே விழாது. டப்பாவைக் கால் மணி நேரம் வெந்நீரில் வைத்து எடுத்தால்தான் கம்பிப்பதப் பாகு மாதிரி நீண்டு விழும், ஹார்லிக்ஸ் பாட்டிலின் அடியைச் சுரண்டினால் வருமே அந்த வாசனை. பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் சின்ன ஈஸ்ட் பாக்கெட் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், 5 கிராமோ 7 கிராமோ. பெயர் பெற்ற டப்பாவிலும் இதேதான். அடிலெய்டில் தாமஸ் கூப்பர் 1862இல் தொடங்கி இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும் கூப்பர்ஸ் டப்பாவும் இதே 1.7 கிலோதான், அதே 23 லிட்டர்தான். பிறகு வித்தியாசம் எங்கே என்றால் மூன்று இடத்தில். மலிவு டப்பா சிலவற்றில் பார்லிப் பாகோடு குளுக்கோஸ் பாகையும் கலந்திருப்பார்கள், லேபிளைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்தது தேதி. இந்த டப்பாக்கள் மெதுவாகத்தான் விற்கும், அலமாரியின் கீழ்த்தட்டில் மாதக்கணக்கில் கிடக்கும், பாகு நாளாக நாளாகக் கறுக்கும், ஒரு பழைய வாடை ஏறும். இளமஞ்சளாக இருக்க வேண்டிய என் முதல் 'லாகர்' பீர் கிளாஸில் ஊற்றியபோது கட்டஞ்சாயா நிறத்தில் இருந்தது. மூன்றாவது ஈஸ்ட். அதுவும் அதே அலமாரியில் அதே சூட்டில் கிடந்ததுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. லேபிளில் 'லாகர்' என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏல் என்ற இன்னொரு பீர் வகைக்கான ஈஸ்ட்தான். நிஜ லாகர் ஈஸ்டுக்கு 10 முதல் 13 டிகிரி குளிர் வேண்டும், அதை வீட்டில் யார் தருவார்கள், அதனால் எந்தச் சூட்டிலும் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் ஈஸ்டைப் போட்டு, காகிதத்தில் 21 முதல் 27 டிகிரி வரை பரவாயில்லை என்று அச்சடித்துவிடுகிறார்கள். பிழைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ருசியாகப் பிழைக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

இங்கேதான் அந்த இட்லி மாவு யோசனை. நம் ஆட்கள் எல்லோரும் விழுகிற பள்ளம் இது, நானும் விழுந்தேன். மாவு பொங்க வெதுவெதுப்பு வேண்டும் என்பது நம் கையில் ஊறிய பாடம். சிட்னி ஜூலைக் குளிரில் மாவுப் பாத்திரத்தை ஓவன் அடுப்புக்குள் வைத்து விளக்கைப் போட்டுவிட்டுப் படுக்கிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே நாலு இருக்கின்றன. அதே கை பீர் வாளியையும் சூடான இடத்துக்குத்தான் கொண்டுபோகும். ஆனால் ஏல் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்வது 18, 20 டிகிரியில். 28 டிகிரியில் விட்டால் நாலு நாளில் தின்று முடித்துவிடும், நமக்கும் என்ன வேகம் என்று சந்தோஷமாக இருக்கும், அப்புறம் பாட்டிலைத் திறந்தால் வாழைப்பழ எசன்ஸும் நெயில் பாலிஷும் கலந்த மாதிரி ஒரு மணம், மறுநாள் காலை இரண்டு கிளாஸுக்கே தலை பிளக்கும். புளிக்கும்போது வாளியே தன் பங்குக்குச் சூடு கிளப்பும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வெளியே 24 என்றால் உள்ளே இன்னும் சில டிகிரி கூட.

என் கதையைச் சொல்கிறேன். 2019 டிசம்பர் கடைசி, கிறிஸ்துமஸ் விடுமுறை. கேரேஜில் மலிவு டப்பா வாளி ஒன்று ஏழு நாளாக இருந்தது. மூடிமேல் இருக்கிற ஏர்லாக்கில், அதாவது வாயுவை வெளியே மட்டும் விடுகிற குழாயில், குமிழி வருவது நின்றுவிட்டது. நின்றுவிட்டால் முடிந்தது என்று அர்த்தம் என நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை, அதாவது சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்டும் மிதவை) போட்டுப் பார்த்தாயா என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். அப்போது என்னிடம் அது இல்லை, 15 டாலருக்குப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்திருந்தேன், சிக்கனம். உள்ளே வாயு பிடித்து நுரைப்பதற்காக முப்பது பாட்டிலிலும் ஒவ்வொரு ஸ்பூன் சர்க்கரை போட்டு அடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினேன், எல்லாம் கண்ணாடி பாட்டில். 2020 ஜனவரி 4, சனிக்கிழமை, ஞாபகம் இருக்கும் உங்களுக்கு, காட்டுத்தீப் புகை வானத்தை மூடியிருந்த கோடை, சிட்னியின் மேற்கு ஓரத்துப் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவான நாள். எங்கள் வீடு அங்கிருந்து கிழக்கே அரை மணி நேரம். மத்தியானம் மூன்று மணிக்கு கேரேஜில் டமார் என்று ஒரு சத்தம். பூனை எதையோ தள்ளிவிட்டது என்று என் மனைவி எழுந்தார். "எங்கேயும் போகாதே" என்று நான் சொல்வதற்குள் இரண்டாவது, மூன்றாவது. ஒன்று வெடித்துப் பக்கத்துப் பாட்டிலை உடைக்க, அது அதற்கடுத்ததை. மொத்தம் பதினொன்று. எங்கள் காரின் கதவில் கண்ணாடித் துண்டு கீறிய கோடு இன்றைக்கும் இருக்கிறது. என் பெண்ணுக்கு அப்போது நாலு வயது, சைக்கிள் எடுக்க கேரேஜுக்குள்தான் ஓடுவாள். அன்று வெயில் என்பதால் ஓடவில்லை. எனக்கு இதை எழுதும்போதே கை சில்லிடுகிறது.

குமிழி நின்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை. மூடி லேசாகக் கசிந்தாலே குமிழி நின்றுவிடும், ஈஸ்ட் அரைத்தூக்கத்தில் இருந்தாலும் நிற்கும். ஹைட்ரோமீட்டரில் தொடங்கும்போது 1.040 வாக்கில் இருக்கும், முடியும்போது 1.010 அல்லது அதற்குக் கீழே, இரண்டு மூன்று நாள் ஒரே எண் காட்டினால்தான் பாட்டில். ஆரம்ப எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதமும் வந்துவிடும், இந்தக் கணக்கில் நாலுக்குக் கொஞ்சம் கீழே. நான் அன்றைக்கு அடைத்தபோது உள்ளே எவ்வளவு சர்க்கரை மிச்சம் இருந்தது என்று இன்றுவரை தெரியாது. இப்போதெல்லாம் பிளாஸ்டிக் பாட்டில்தான், அழுத்தம் ஏறினால் தொட்டுப் பார்த்தாலே கல் மாதிரி இருக்கும், மூடியைக் கொஞ்சம் தளர்த்தி விடலாம்.

அடுத்தது சர்க்கரை. டப்பாவின் காகிதத்திலேயே ஒரு கிலோ சர்க்கரை போடச் சொல்கிறார்கள், அதனால் அந்த வாசகரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1.7 கிலோ பாகில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், அதைக் கழித்தால் மால்ட் ஏறக்குறைய 1.36 கிலோ. அதன் தலையில் ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை என்றால் வாளியில் இருக்கும் இனிப்பில் 40 சதவீதத்துக்கு மேல் வெறும் சர்க்கரை. சர்க்கரை முழுக்க ஆல்கஹாலாகப் போய்விடும், நாக்கில் நிற்க எதையும் விட்டுவைக்காது. பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிக் காபி போட்டுவிட்டு டிகாக்ஷனைக் குறை சொல்வது போலத்தான் இதுவும். சர்க்கரைக்குப் பதில் அரை கிலோ உலர் மால்ட் தூளும் 300 கிராம் டெக்ஸ்ட்ரோஸும் (குளுக்கோஸ் தூள்) போட்டுப் பாருங்கள், அதே மலிவு டப்பா வேறு ஆளாகிவிடும்.

ஈஸ்டுக்கும் அப்படித்தான். மூடிக்கடியில் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு (நான் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அதையும் வாளியிலேயே ஊற்றிவிடுவேன், செத்த ஈஸ்ட் உயிரோடு இருக்கிற ஈஸ்டுக்குச் சாப்பாடு) ஹோம்ப்ரூ, அதாவது வீட்டு பீர்ச் சாமான், கடையில் ஃப்ரிட்ஜில் வைத்து விற்கிற 11.5 கிராம் ஏல் ஈஸ்ட் ஒன்று வாங்குங்கள். ஏழெட்டு டாலர் ஆகும், டப்பா விலையில் பாதிக்கு மேல். வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அதை ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டாம். தயிருக்கு உறை எடுத்து வைக்கிறோமே, அதேதான், பீரைப் பாட்டிலில் பிடித்த பிறகு வாளியடியில் படிந்திருக்கும் வெண்சேற்றில் ஒரு டம்ளர் அளவு சுத்தமான ஜாடியில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் அடுத்த வாளிக்கு ஆயிற்று. இரண்டு மூன்று வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். நாலைந்து முறை ஓட்டலாம், அதற்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

சுத்தம் பற்றி நீட்ட மாட்டேன். பீர் தொடுகிற எல்லாவற்றையும் கழுவி, அலச வேண்டாத கிருமிநீக்கியில் நனைத்து எடுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் சமாச்சாரம் சில வாளிகளில் ஆஸ்பத்திரி பேண்டேஜ் வாசனையைக் கொடுக்கும், சிட்டிகை மெட்டாபைசல்பைட் உப்பு அதைத் தீர்த்துவிடும்.

இப்போது பணக்கணக்கு. பெயர் பெற்ற டப்பா நான் கடைசியாக வாங்கியபோது 20 டாலர். மலிவு டப்பாவில் மிச்சம் 8 டாலர், முப்பது பாட்டிலுக்குப் பிரித்தால் பாட்டிலுக்கு 27 சென்ட். பாட்டில் கழுவுவதும், மூன்று வாரம் காத்திருப்பதும், அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி முதுகு பிடித்துக்கொள்வதும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே முதல் முறை போடுகிறவர் தேதி புதிதாக இருக்கிற நல்ல டப்பாவாகப் பார்த்து வாங்கட்டும். முதல் வாளி கெட்டுப்போனவர்களில் இரண்டாவது வாளி போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் தமிழ்ச் சிநேகிதர்கள் வீட்டு கேரேஜ்களில் ஒரே ஒரு முறை பயன்படுத்திய வாளிகள் எத்தனை கிடக்கின்றன தெரியுமா? எங்கள் வீட்டிலும் ஒன்றில் அரிசி இருக்கிறது.

கை பழகியவருக்கு மலிவு டப்பா லாபம், ஆனால் ஒன்றாக வாங்கக் கூடாது, இரண்டாக வாங்க வேண்டும். இதைத்தான் அந்தக் கடிதத்தில் எதிர்பார்த்தேன், இல்லை. ஒரே வாளியில் இரண்டு டப்பா, சர்க்கரை ஒரு ஸ்பூன்கூடக் கிடையாது. இரண்டு டப்பா, ஆங்கிலத்தில் 'டூ கேன்' என்பதால் இங்கே இதை 'டூக்கன்' என்கிறார்கள், பெரிய மூக்குப் பறவையின் பெயரை வைத்து ஒரு சிலேடை. ஹைட்ரோமீட்டர் 1.044 பக்கம் நிற்கும், கசப்பும் இரண்டு மடங்காகும், அதனால் இளநிற டப்பாவைவிடக் கறுப்பு வகைக்குத்தான் இது பொருந்தும். ஸ்டவுட் என்ற கறுப்பு வகை ஒன்று, டிராஃப்ட் என்ற இளநிற வகை ஒன்று, நல்ல ஈஸ்ட், ஜூலை மாதக் குளிர் கேரேஜ், பாட்டிலில் இரண்டு மாதம். போன வருடம் இப்படிப் போட்டதைப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்தேன். குடித்துவிட்டு எந்த டப்பா என்று கேட்டார், சொன்னேன், நம்பாமல் குப்பைக்கூடையில் லேபிளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். செலவு இரண்டு டப்பாவும் ஈஸ்டும் சேர்த்து 31 டாலர், பாட்டிலுக்கு ஒரு டாலரும் கொஞ்சமும். ஒரே நிபந்தனை, லேபிளில் குளுக்கோஸ் பாகு இருந்தால் அந்த டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

50 சென்ட் ஒரு டாலராகிவிட்டதே, பிறகு என்ன சிக்கனம் என்று கேட்கலாம். கடையில் 24 கேன் பெட்டி பெரும்பாலும் 55 டாலர் பக்கம் விற்கிறது. அதில் 9 லிட்டர்தான் பீர். ஆல்கஹாலில் முதல் 1.15 சதவீதத்தை விட்டுவிட்டு மீதிக்குத்தான் வரி என்றாலும், 5 சதவீதத்தை ஒட்டிய பீர்ப் பெட்டி ஒன்றில் 20 டாலர் பக்கம் அரசாங்கத்துக்கே போகிறது, அந்த விகிதமும் பிப்ரவரி, ஆகஸ்ட் என்று ஆண்டுக்கு இரண்டு முறை விலைவாசியோடு ஏறும். 2025 ஆகஸ்டிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஏற்றத்தை நிறுத்தியது பாரில் குழாயிலிருந்து ஊற்றித் தரும் பீருக்கு மட்டும், கேனுக்கு இல்லை. 23 லிட்டர் கடையில் வாங்க இரண்டரைப் பெட்டி, 140 டாலர். 31 டாலரில் அதை முடிக்கிற இடத்தில் இன்னும் 17 டாலரை இழுத்துப் பிடித்து 14 டாலரில் முடிக்கப் போய்த்தான் நான் கேரேஜ் தரையில் கண்ணாடி பொறுக்கினேன்.

வெயில்காலத்தில் போட்டே ஆக வேண்டும் என்கிறவர்கள் வாளியைப் பெரிய டப்பில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தி, உறையவைத்த தண்ணீர் பாட்டில் இரண்டைக் காலையும் மாலையும் மாற்றிப் போட்டு, மேலே ஈரத்துண்டு சுற்றுங்கள். 35 டிகிரி நாளிலும் 20க்குப் பக்கத்தில் பிடித்து நிறுத்தலாம், முதல் நாலு நாள் பார்த்துக்கொண்டால் போதும். எனக்கு இப்போது பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது, யாரோ தெருவோரம் வைத்தது.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீண்டுவிட்டது, வெட்டிப் போடுவீர்கள் என்று தெரியும். எதை வெட்டினாலும் இரண்டை மட்டும் விட்டுவிடுங்கள். வாளியை இட்லி மாவு வைக்கிற கதகதப்பில் வைக்கக் கூடாது, குமிழி நின்றதை நம்பிக் கண்ணாடி பாட்டிலில் அடைக்கக் கூடாது. உங்கள் ஞாயிறு இதழைப் பார்த்து எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு பேர் டப்பா வாங்கி வைத்திருக்கிறார்கள், டிசம்பர் விடுமுறையில் போடப் போகிறார்களாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வென்ட்வொர்த்வில், சிட்னி